கிராமத்தில் பசுமைத் தொழில்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பசுமைத் தொழில் தொடங்க வருகிறவர்களில் பலர் கையில் ஒரு பொருளோடுதான் வருகிறார்கள். சோலார் விளக்கு, புகை குறைந்த அடுப்பு, மண்புழு உரம், சாண எரிவாயுக் கலன் என்று ஏதோ ஒன்று மனதுக்குப் பிடித்துப்போகிறது. அதை எந்த ஊரில் விற்கலாம் என்று தேட ஆரம்பிக்கிறார்கள். நான் சொல்லப்போவது இதற்கு நேரெதிரான வழி. மக்கள் ஏற்கெனவே எதற்குப் பணம் செலவழிக்கிறார்கள், எது அவர்கள் கையைவிட்டு வீணாகப் போகிறது என்பதை முதலில் பாருங்கள். பொருளை அப்புறம் தேர்ந்தெடுக்கலாம்.

சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பதற்காக மட்டும் ஒரு விவசாயக் குடும்பத்தால் பணம் போட முடியாது. செலவு குறைந்தால் வாங்குவார்கள், வருமானம் கூடினால் வாங்குவார்கள். கெட்டுப்போனால் சரிசெய்து கொடுக்க ஆள் இருந்தால்தான் தொடர்ந்து பயன்படுத்துவார்கள். இந்தக் கடைசி விஷயத்தில்தான் நல்ல நல்ல முயற்சிகளெல்லாம் சறுக்குகின்றன. அதனால் இந்தக் கட்டுரையில் பழுதுபார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன்.

சட்டமும் கடன் திட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பது வளரும் நாடுகளின் கிராமங்களில் ஏறக்குறைய ஒன்றுதான்.

படி 1: செலவையும் வீணாவதையும் கணக்கெடுங்கள்

ஊரில் ஒரு 20, 30 வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். நிலம் உள்ளவர், இல்லாதவர், மாடு வைத்திருப்பவர், கூலிக்குப் போகிறவர், சிறு கடை நடத்துபவர் என்று கலந்து இருக்கட்டும். “இப்படி ஒரு பொருள் வந்தால் வாங்குவீர்களா?” என்று மட்டும் கேட்காதீர்கள். வீடு தேடி வந்தவரிடம் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. போன வாரம் மண்ணெண்ணெய்க்கு எவ்வளவு ஆனது, மொபைல் சார்ஜ் போட எங்கே போகிறார்கள், பம்ப் ஓட்ட டீசல் எவ்வளவு, உர மூட்டை எத்தனை, விறகு பொறுக்க எத்தனை மணி நேரம் போகிறது என்று நடந்து முடிந்ததைக் கேளுங்கள். அதில் பொய்க்கு இடம் குறைவு.

பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். அடுப்பு, விறகு, தண்ணீர், கால்நடை பற்றிய உண்மையான கணக்கு பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கும். ஆண்கள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் அது வெளியே வராது.

அடுத்து, வீணாவது. உலக அளவில் அறுவடைக்குப் பின், சில்லறைக் கடைக்கு வந்து சேர்வதற்குள் ஏறக்குறைய 14 சதவீத உணவு வீணாகிறது என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2019-இல் மதிப்பிட்டது. உங்கள் பகுதியில் எந்தப் பயிர், எந்த மாதம், எத்தனை கிலோ அழுகுகிறது? வயலில் எரிக்கப்படும் வைக்கோல் எவ்வளவு? அந்தக் கழிவு யாருக்குச் சொந்தம்? இதையெல்லாம் தராசு வைத்து எடை பார்த்து எழுதுங்கள். கண்ணளவு வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இன்று இலவசமாகக் கிடைக்கும் கழிவுக்கு, நீங்கள் வாங்க ஆரம்பித்த மறுநாளே விலை வந்துவிடும். அது நியாயமும்கூட, ஏனென்றால் கழிவின் சொந்தக்காரருக்கும் அதில் பங்கு வேண்டும். ஆகவே மூலப்பொருள் இலவசம் என்று வைத்துத் திட்டம் போடாதீர்கள். விலை கொடுத்து வாங்கினாலும் லாபம் வருமா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். முடிந்தால் ஓராண்டுக்காவது எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். இந்தியாவின் பீகாரில் 2007-இல் தொடங்கிய ஹஸ்க் பவர் சிஸ்டம்ஸ் நெல் உமியிலிருந்து வாயு எடுத்து மின்சாரம் தந்தது. பின்னாளில் அதே நிறுவனம் சோலாருக்கும் பேட்டரிக்கும் பெருமளவு நகர்ந்தது. ஒரே மூலப்பொருளை நம்பாமல், ஊருக்கு மின்சாரம் தருவதுதான் தன் தொழில் என்று இருந்ததால் அந்த மாற்றம் அதற்குச் சாத்தியமானது.

படி 2: தொழில்நுட்பம் உங்கள் ஊருக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

கணக்கெடுப்பு முடிந்தால் இரண்டு மூன்று வாய்ப்புகள் கண்ணில் படும். அதிகம் பேர் கைவைக்கும் சிலவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

உரம்: மட்கு உரம் செய்ய, கரிமமும் தழைச்சத்தும் 25 முதல் 30 பங்குக்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். எளிதாகச் சொன்னால், காய்ந்த வைக்கோல், சருகு வகையையும் பச்சைத் தழை, சாணம் வகையையும் கலக்க வேண்டும். ஈரம் 50 முதல் 60 சதவீதம். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் விழ வேண்டும். குவியலின் உள்சூடு சில நாட்கள் 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் நின்றால்தான் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் சாகும். மண்புழுவை அந்தச் சூடு தணிந்த பிறகே விட வேண்டும். 35 டிகிரியைத் தாண்டினால் புழு தாங்காது. இதெல்லாம் சில மாதங்களில் கைவந்துவிடும். கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. உரம் கனமான பொருள், கிலோவுக்குக் கிடைக்கும் காசு குறைவு. லாரி வாடகை லாபத்தைத் தின்றுவிடும். நாற்றுப்பண்ணை, காய்கறி, பூ, பழத்தோட்டம் வைத்திருப்பவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் தொட்டி கட்ட வேண்டும்.

சாண எரிவாயு: ஒரு கன மீட்டர் வாயுவுக்குச் சுமார் 25 கிலோ புதுச் சாணமும் அதே அளவு தண்ணீரும் தினமும் வேண்டும். அந்த ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 0.45 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். கட்டிப்போட்டு வளர்க்கும் மாடு நாளுக்குப் பத்து கிலோ அளவுக்குச் சாணம் போடும். மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் சாணத்தில் பாதி மேய்ச்சல் நிலத்தோடு போய்விடும். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள ஊரிலும் கடுங்குளிர் உள்ள மலைப்பகுதியிலும் கவனமாக யோசியுங்கள். இன்னொன்று: கலனில் கசிவு இருந்தால் வெளியேறுவது மீத்தேன். அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது. கசியும் கலனைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் பசுமை என்று பெயர் வைக்கக் கூடாது.

சோலார்: 2010-க்குப் பிறகு பத்தாண்டுகளில் பேனல் விலை ஏறக்குறைய 90 சதவீதம் இறங்கியது. நல்ல பேனல் 25 ஆண்டுகள் உழைக்கும். முதலில் சாவது பேட்டரிதான். ஈய அமில பேட்டரியின் சார்ஜில் பாதிக்கு மேல் தீர்த்துக்கொண்டே இருந்தால் ஆயுள் வேகமாகக் குறையும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை அதைவிட அதிகம் தாங்கும், ஆனால் முதலில் போடும் பணம் கூடுதல். வெயில் குறைந்த மாதத்தை வைத்து அளவு போடுங்கள். ஆண்டு சராசரியை வைத்துப் போட்டால் மழைக்காலத்தில் வாடிக்கையாளர் இருட்டில் உட்கார்ந்திருப்பார், உங்கள் பெயரும் கெடும். மோட்டார் உள்ள இயந்திரம் என்றால் கிளம்பும் நொடியில் அது இழுக்கும் மின்சாரம் சாதாரண ஓட்டத்தைவிடப் பல மடங்கு. இன்வெர்ட்டர் அதைத் தாங்குமா என்று விற்பவரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். சிறு சோலார் சாதனங்கள் வாங்கும்போது வெராசோல் (சிறு சோலார் சாதனங்களைச் சோதித்துச் சான்று தரும் சர்வதேச ஏற்பாடு) தரச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள்.

என் கருத்தில், புதிதாக வருகிறவர்கள் வெறும் விளக்கைவிட வருமானம் தரும் உபகரணத்தைப் பார்ப்பது நல்லது. அரவை இயந்திரம், தையல் இயந்திரம், நீர் பம்ப், உலர்த்தி, குளிர் அறை போன்றவை தங்கள் தவணையைத் தாங்களே சம்பாதித்துவிடும்.

படி 3: சின்னதாகச் சோதித்துப் பாருங்கள், மூன்று மாதம் கழித்துத் திரும்பிப் போங்கள்

பத்து வீடுகளில் பொருளை வையுங்கள். இலவசமாக வேண்டாம், சிறு முன்பணமாவது வாங்குங்கள். பணம் கொடுத்தவர்தான் குறையை உரிமையோடு சொல்வார். மூன்று மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள். ஓடுகிறதா? மூலையில் கிடக்கிறதா? வேறு எதற்காவது பயன்படுத்துகிறார்களா?

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒடிசாவில் நடந்த ஓர் ஆய்வு நல்ல சாட்சி. ரீமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய மூவரும் கிராமங்களில் மேம்பட்ட அடுப்புகள் கொடுக்கப்பட்ட குடும்பங்களை நான்கு ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தார்கள். முதல் ஆண்டில் சமைப்பவர்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதன் பிறகு அந்தப் பலன் மறைந்துபோனது. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்துவதும் பராமரிப்பதும் குறைந்துகொண்டே வந்ததுதான் காரணம். ஆய்வுக்கூடத்தில் நன்றாக எரிந்த அடுப்பு வீட்டில் தோற்றது. வீட்டுக்குள் எழும் புகையால் 2020-இல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. அவ்வளவு பெரிய துயரத்துக்குத் தீர்வு என்று நாம் கொண்டுபோகும் பொருள் மூலையில் கிடந்தால் யாருக்கு என்ன பயன்? பாத்திரத்தின் அளவு, விறகின் நீளம், உட்கார்ந்து சமைக்கிறார்களா நின்றா, எல்லாவற்றையும் சமைப்பவரிடமே கேட்டுத் திருத்துங்கள்.

படி 4: பணக் கணக்கு

இதில் இரண்டு கணக்குகள் உண்டு. வாடிக்கையாளரின் கணக்கு ஒன்று, உங்கள் கணக்கு ஒன்று.

வாடிக்கையாளரிடம் பணம் எப்போது வருகிறது? விவசாயிக்கு அறுவடை முடிந்து, பால் விற்பவருக்கு வாராவாரம், கூலிக்காரருக்கும் தெருவோர வியாபாரிக்கும் அன்றாடம். மாதத் தவணை என்பது சம்பளக்காரர்களுக்குப் பொருந்தும் ஏற்பாடு. அதை எல்லோர் தலையிலும் வைத்தால் நல்ல மனிதரும் பாக்கிக்காரர் ஆகிவிடுவார். 1995-இல் தொடங்கிய செல்கோ என்ற சோலார் நிறுவனம் கர்நாடகத்தில் கிராமப்புற வங்கிகளோடு சேர்ந்து, வாங்குபவரின் வருமானம் எந்த வேகத்தில் வருகிறதோ அதற்கேற்பக் கடனை வடிவமைத்தது. கென்யாவில் எம்-கோபா நிறுவனம் 2012 முதல் எம்-பெசா மொபைல் பணம் வழியாகச் சிறு சிறு தொகையாக வாங்கி, சோலார் சாதனங்களைக் கொடுத்தது. பணம் நின்றால் சாதனம் தூரத்திலிருந்தே நின்றுவிடும், கட்டியதும் மறுபடி ஓடும்.

விற்றுத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. நைஜீரியாவில் கோல்ட்ஹப்ஸ் நிறுவனம் சந்தைகளில் சோலார் குளிர் அறைகளை வைத்து, ஒரு கூடைக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிறது. குளிர் அறை வாங்க எந்தச் சிறு வியாபாரியாலும் முடியாது. ஆனால் ஒரு கூடைத் தக்காளியை இரண்டு நாள் காப்பாற்றும் வாடகையை அவரால் கொடுக்க முடியும், அந்த லாபம் அவருக்கே கண்ணெதிரே தெரியும். இந்த மாதிரியை நான் மிகவும் மதிக்கிறேன். பராமரிப்பு முழுக்க முதலாளியின் தலையில் இருப்பதால், சாதனம் ஓடாத நாளில் அவருக்கே நஷ்டம். அதனால் ஓடும்.

உங்கள் கணக்குக்கு வருவோம். 12 மாதங்களையும் தனித்தனிக் கட்டமாகப் போட்டு, ஒவ்வொரு மாதமும் வரும் பணம், போகும் பணத்தை எழுதுங்கள். உங்கள் சம்பளத்தையும் செலவில் சேருங்கள். சேர்க்காமல் வரும் லாபம் லாபமே அல்ல. விற்பனை சுத்தமாக நிற்கும் மாதங்கள் நிச்சயம் இருக்கும், அதைத் தாண்டக் கையிருப்பு வேண்டும். கடன் வாங்கினால் தவணைத் தேதியை உங்கள் விற்பனைப் பருவத்தோடு ஒட்டி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுப் பணமும் தொழில் பணமும் ஒரே பையில் இருக்கக் கூடாது.

மானியம் கிடைத்தால் பயிற்சிக்கும் சோதனைக்கும் பயன்படுத்துங்கள். விற்பனை விலையைக் குறைக்க அதைப் போட்டால், மானியம் நிற்கும் நாளில் தொழிலும் நிற்கும். கார்பன் கிரெடிட் (கரியமில வாயு போன்றவை வெளியேறுவதைக் குறைத்ததற்குக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்று) வருமானத்தை நம்பியும் திட்டம் போடாதீர்கள். அடுப்புத் திட்டங்களுக்குக் கொடுக்கப்பட்ட கிரெடிட்கள் உண்மையான பலனைவிடப் பல மடங்கு மிகையானவை என்று 2024-இல் வெளியான ஆய்வு காட்டிய பிறகு, அந்தச் சந்தையில் சந்தேகம் கூடியிருக்கிறது. வந்தால் கூடுதல் வரவு, அவ்வளவுதான்.

படி 5: அனுமதிகள்

உரம் விற்க உரிமமும் ஆய்வகச் சோதனையும் தேவைப்படலாம். உணவை உலர்த்தி விற்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வரும். அடுத்த வீட்டுக்கு மின்சாரம் விற்றால் மின்சார ஒழுங்குமுறை வரும். நிலம் குத்தகை என்றால் எழுத்தில் இருக்கட்டும். பணம் போடுவதற்கு முன்பே உள்ளூர் அலுவலகத்தில் நேரில் கேட்டு, கேட்ட தேதியோடு குறித்துவைத்துக்கொள்ளுங்கள். விவசாயிகள் கூட்டுறவோ உற்பத்தியாளர் குழுவோ ஏற்கெனவே இருந்தால் அதோடு சேர்ந்து தொடங்குவது பாதி அலைச்சலைக் குறைக்கும்.

படி 6: விற்பதற்கு முன்பே மெக்கானிக்கைத் தயார்செய்யுங்கள்

இதுதான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்ல வந்தது. முதல் பொருள் விற்பதற்கு முன்னால் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும். கெட்டால் யார் வருவார்? எத்தனை நாளில் வருவார்? உதிரி பாகம் எங்கே இருக்கிறது?

நேபாளத்தில் 1992-இல் நெதர்லாந்தின் எஸ்.என்.வி. என்ற வளர்ச்சி உதவி அமைப்பின் துணையோடு தொடங்கிய சாண எரிவாயுத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கலன் கட்டும் நிறுவனங்கள் அங்கீகரிக்கப்பட்ட வடிவமைப்பில்தான் கட்ட வேண்டும். உத்தரவாதம் தர வேண்டும், கட்டி முடித்த பிறகும் சில ஆண்டுகள் போய்ப் பார்த்துச் சரிசெய்து கொடுக்க வேண்டும். கட்டிய கலன்களில் சிலவற்றை ஆய்வாளர்கள் திடீரென்று சோதிப்பார்கள். குறை இருந்தால் அபராதம். மலைநாட்டில், சாலை இல்லாத ஊர்களிலும் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கலன்கள் கட்டப்பட்டதற்கு மானியம் ஒரு காரணம், இந்தக் கண்டிப்பு இன்னொரு காரணம். அரசு உங்களைக் கட்டாயப்படுத்தாவிட்டாலும் இதே கண்டிப்பை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

மெக்கானிக் ஊர்க்காரராக இருக்கட்டும். ராஜஸ்தானின் திலோனியாவில் உள்ள பேர்ஃபுட் கல்லூரி, பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத நடுத்தர வயதுப் பெண்களையும் பாட்டிமார்களையும் சோலார் பொறியாளர்களாகப் பயிற்றுவித்தது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் பெண்கள் வந்து கற்றுப்போனார்கள். இளைஞர்கள் பயிற்சிச் சான்றிதழ் வாங்கியதும் நகரத்துக்கு வேலை தேடிப் போய்விடுவார்கள், பாட்டிகள் ஊரிலேயே இருப்பார்கள் என்பது அதன் நிறுவனர் பங்கர் ராய் திரும்பத் திரும்பச் சொன்ன காரணம். சான்றிதழைவிட, அந்த ஆள் ஐந்து ஆண்டு கழித்தும் ஊரில் இருப்பாரா என்பதைப் பாருங்கள்.

பழுதுபார்க்கும் செலவை விலையிலேயே சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆண்டுக் கட்டணமாக வாங்குங்கள். ஃபியூஸ், சுவிட்ச், வால்வு, கேஸ்கெட், ஒயர் போன்று அடிக்கடி போகும் பாகங்கள் எப்போதும் கைவசம் இருக்கட்டும். ஒரு நோட்டில் தேதி, வீடு, என்ன கெட்டது, எத்தனை நாளில் சரியானது என்று எழுதிவாருங்கள். ஒரே பாகம் திரும்பத் திரும்பக் கெட்டால் கொள்முதல் செய்யும் இடத்தை மாற்ற வேண்டிய நேரம் அது.

பழைய பேட்டரியைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். ஈய பேட்டரியை வீட்டுப் பக்கத்தில் உடைத்து உருக்கினால் மண்ணும் குழந்தைகளின் உடம்பும் நஞ்சாகும். புது பேட்டரியில் சிறு தள்ளுபடி கொடுத்தால் பழையது உங்களிடமே வந்துசேரும். அதை அங்கீகரிக்கப்பட்ட மறுசுழற்சி நிலையத்துக்கு அனுப்புங்கள்.

படி 7: விற்பனை

வங்கதேசத்தில் 1980-களின் நடுவிலிருந்து ஐ.டி.இ. என்ற தொண்டு அமைப்பு, காலால் மிதித்துத் தண்ணீர் இறைக்கும் கால்மிதி பம்பைப் பரப்பிய விதத்தில் கற்க நிறைய இருக்கிறது. உள்ளூர்ப் பட்டறைகள் செய்தன, உள்ளூர்க் கடைகள் விற்றன, ஊர் மிஸ்திரிகள் குழாய் இறக்கிப் பொருத்தினார்கள். ஒவ்வொருவருக்கும் அதில் நியாயமான வரும்படி இருந்தது. ஊர் ஊராகச் செயல்முறை காட்டினார்கள், திரைப்படமே எடுத்துத் திரையிட்டார்கள். 10 லட்சத்துக்கு மேல் விற்றது. வயலில் தண்ணீர் வருவதைக் கண்ணால் பார்த்தவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஆகவே துண்டுப் பிரசுரத்துக்குப் போடும் பணத்தைச் செயல்முறை காட்டுவதற்குப் போடுங்கள். முதல் வாடிக்கையாளர்கள் ஊரில் மதிக்கப்படும் விவசாயிகளாகவும் சுய உதவிக் குழுப் பெண்களாகவும் இருந்தால் செய்தி தானாகப் பரவும். நைஜீரியா, தான்சானியா, உகாண்டாவில் செயல்பட்ட சோலார் சிஸ்டர் அமைப்பு பெண்களையே விற்பனையாளர்களாக வைத்தது. வீட்டுக்குள் போய்ப் பேசும் உரிமை அவர்களுக்கு இருந்தது. பேச்சில் மிகைப்படுத்தல் வேண்டாம். எத்தனை மணி நேரம் எரியும், எது ஓடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 8: நிலைமை மாறினால் என்ன செய்வது என்று இப்போதே யோசியுங்கள்

வங்கதேசத்தின் சோலார் வீட்டுத் திட்டம் 2003-இல் தொடங்கியது. 1996-இல் உருவான கிராமீன் சக்தி உட்படப் பல அமைப்புகள் அதில் சேர்ந்து 40 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் சாதனம் பொருத்தின. உலகமே வியந்து பார்த்த வெற்றி அது. பிறகு அரசின் மின்கம்பி எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கிராமங்களுக்கு வந்தது. வேறொரு அரசுத் திட்டத்தில் சோலார் சாதனங்கள் இலவசமாகவும் கொடுக்கப்பட்டன. விற்பனை சரிந்தது, தவணை கட்டுவதும் தடுமாறியது. மக்களுக்கு மின்சாரம் கிடைத்தது நல்லதுதான். ஆனால் அந்தத் தொழிலை மட்டும் நம்பியிருந்தவர்கள் தவித்துப்போனார்கள்.

உங்கள் பகுதிக்கு மின்கம்பி, சாலை, பெரிய குளிர்பதனக் கிடங்கு ஏதாவது வரப்போகிறதா என்று உள்ளாட்சியிலும் மின்வாரியத்திலும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது விசாரியுங்கள். கம்பி வந்தால் பேட்டரி விளக்கு போகும், ஆனால் கம்பியில் மின்சாரம் அடிக்கடி நின்றால் குளிர் அறைக்கும் பம்புக்கும் தேவை இருக்கும். சோலார் கற்ற மெக்கானிக் வயரிங்கும் மோட்டாரும் கற்றிருந்தால் அவருக்கும் வேலை இருக்கும், உங்களுக்கும் வருமானம் இருக்கும்.

இரண்டாவது ஊருக்கு எப்போது போகலாம்? முதல் ஊரில் ஓர் ஆண்டு முழுக்க, மழை, அறுவடை, வறட்சி எல்லாப் பருவமும் கடந்திருக்க வேண்டும். விற்ற பொருட்களில் எத்தனை இன்னும் ஓடுகின்றன என்று வீடு வீடாகப் போய் எண்ணியிருக்க வேண்டும். ஓடாதவற்றைச் சரிசெய்து முடித்திருக்க வேண்டும். பிறகு, உங்கள் மெக்கானிக் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் வேலையை முடித்துத் திரும்பக்கூடிய தூரத்தில் உள்ள ஊராகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.